முத்திரைக்கு உரியவருக்கு, அதை எடுத்தவர்கள் வாசித்தளிக்கும் மடல்

தோலோடு தோழமை கொண்டு, நூலோடு நேர்மை கோத்து, முப்பத்தோராண்டுகள் இப்பட்டறையின் முதுகெலும்பாய் நின்ற மூத்தவரே! துப்பாக்கி தாங்கும் உறையைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் அதன் துணிவையும் தளர்வையும் சொல்லிவிடும் தூயவரே! குத்தூசி பிடித்த விரலால் குற்றம் களைந்த கோமகளே! தோள்வாரும் தோட்டாப் பையும் தங்கள் கைபட்டுத் தகைமை பெற்றன. இடுப்புவாரும் உறையும் தங்கள் கண்பட்டு இடர் நீங்கின! இன்று பணிநிறைவு பெறும் தங்களை வணங்கி, வாழ்த்தி, வாயார, மனமார...

இந்த இடம் வரைக்கும்தான் முதல் படி எழுதியிருந்தேன், அக்கா. மேற்கொண்டு 'தாங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. இதை வாசிப்பவன் அந்நாளில் தோலின் ஓரம் தேய்த்து மெருகு போட்டுக்கொண்டிருந்த இடதுகைக்காரன். என் இருபுறமும் நிற்பவர்கள் தோல் வெட்டுபவரும், பிரஸ் பட்டன் பதிப்பவரும். அவையில் உள்ளவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும்.

முதலில் உங்கள் பெருமையைச் சொல்கிறோம். எட்டாண்டு தையல் மேசை, பதினாறாண்டு பரிசோதனை மேசை, ஏழாண்டு தோள்வார்ப் பகுதி. பரிசோதனை மேசையில் நீங்கள் செய்ததை இங்கே புதிதாய்ச் சேர்ந்தவர்கள் பார்த்ததில்லை. ஒவ்வோர் உறையிலும் மரத்துப்பாக்கியைச் செருகி, வாரைப் பூட்டி, தலைகீழாய்ப் பிடித்து மூன்று முறை உலுக்குவீர்கள். அதோடு விட்டால்தான் என்ன? அதை உங்கள் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு குனிவீர்கள், உட்காருவீர்கள், ஏணியில் நாலு படி ஏறி இறங்குவீர்கள். ஒருநாள் பார்சல் கொண்டுவந்த மனிதர், மூக்குக்கண்ணாடியும் இடுப்பில் துப்பாக்கியுமாய் ஏணிமேல் நின்ற உங்களைக் கண்டு, பார்சலைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "கையெழுத்து எங்க போடணும் தம்பி?" என்று நீங்கள் கேட்டதும் பட்டறையே வயிறு வலிக்கச் சிரித்தது. இத்தனையும் தேறிய உறையின் உட்புறத்தில்தான் உங்கள் சிறு நட்சத்திர முத்திரை விழும். அது விழுந்தால், ஓர் ஆள் அதை நம்பி இடுப்பில் கட்டலாம் என்று பொருள்.

உங்கள் கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று நீங்கள் மூன்று நாள் விடுப்பில் போனீர்கள். வங்கிக் காவலர்களுக்கான நூற்று நாற்பது உறைகள் முடியும் தறுவாயில் இருந்தன. மூன்றாம் நாள் வண்டி வாசலில் வந்து நின்றது. உறையின் வாய்மேல் தாண்டி வந்து துப்பாக்கியைப் பிடித்து நிறுத்தும் சிறு வாருக்கு முதுகுத் தோல்தான் வெட்ட வேண்டும். அது இழுத்தாலும் நீளாது. அன்று முதுகுத் தோல் தீர்ந்துவிட்டது.

"வார் சின்னதுதானே, வயித்துத் தோல் போதும்," என்றார் வெட்டுபவர்.

"இது நாளானா நீண்டு குடுத்துரும். அக்கா இருந்தா விட மாட்டாங்க," என்றார் பட்டன் பதிப்பவர்.

"அக்காதான் இல்லையே," என்றேன் நான்.

அந்தச் சொல்லை நான் விளையாட்டாய்ச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். முத்திரையை எடுத்தேன். ஒன்றைக்கூடத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்க்காமல் நூற்று நாற்பதிலும் அடித்தேன். மீதி எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெட்டி கட்டினார், ஒருவர் எண்ணிக்கை சொன்னார். வண்டி கிளம்பியது. நாங்கள் தேநீர் குடித்தோம்.

எட்டு மாதம் கழித்து, ஒரு வங்கியின் வாசலில், வாடிக்கையாளர் ஒருவரின் மூக்குக்கண்ணாடி கீழே விழ, அதை எடுத்துக் கொடுக்கக் காவலர் குனிந்தார். நீண்டு போயிருந்த வார் பட்டனை விட்டு நழுவியது. துப்பாக்கி தரையில் விழுந்து வெடித்து அவருடைய இடது முழங்காலைத் துளைத்தது. உறையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே உங்கள் நட்சத்திரம் கிடைத்தது.

விசாரணை இதே கூடத்தில்தான் நடந்தது. நீங்கள் முதலில் உங்களைப் பற்றிப் பேசவில்லை. "சார், மிச்ச உறையெல்லாம் இன்னைக்கே திரும்ப வாங்குங்க. இன்னொருத்தர் குனியறதுக்குள்ள வாங்குங்க," என்றீர்கள். அதற்குப் பிறகுதான் சொன்னீர்கள்: "முத்திரை என்னுதுதான். ஆனா நான் அடிக்கல. அந்த வாரம் நான் லீவு."

"அந்த உறைங்க எந்த வாரம் முடிஞ்சதுன்னே யாருக்கும் நிச்சயமாத் தெரியலையேம்மா," என்றார் மேலாளர். எங்கள் பக்கம் திரும்பினார். "யாராவது எடுத்தீங்களா? முத்திரையை யார் அடிச்சது?"

பதினொரு பேர் தரையைப் பார்த்தோம். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார். "ஞாபகம் இல்ல சார்," என்றேன்.

எனக்கு ஞாபகம் இருந்தது, அக்கா. இழுப்பறைப் பிடி அன்று வெயிலில் சூடாய் இருந்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது.

மேலாளர் அவர்களே, விடுப்புப் பதிவேடு உங்கள் அலமாரியில்தான் இருந்தது. வண்டி கிளம்பிய தேதி உங்கள் குறிப்பேட்டில்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. உங்களைக் குற்றம் சொல்லித் தப்பிக்க இதை எழுதவில்லை. பொய்யை நான் சொன்னேன். அது உங்களுக்கும் வசதியாய் இருந்தது.

திரும்பி வந்த நூற்று முப்பத்தொன்பது உறைகளையும் நீங்களே பிரித்தீர்கள். வாரை வெட்டி எறிந்துவிட்டு முதுகுத் தோலில் புதிதாய் வெட்டித் தைத்தீர்கள். பதினேழு நாள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தவன் நான்தான். "பரவாயில்ல தம்பி, நீயாவது கூட இருக்கியே," என்று நீங்கள் ஒருநாள் சொன்னீர்கள். மெழுகுக் கட்டியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிறவன்போல் மேசைக்கடியில் ரொம்ப நேரம் இருந்தேன்.

அதற்கப்புறம் உங்களைப் பரிசோதனை மேசையிலிருந்து எடுத்துப் பின்கட்டில் தோள்வார் தைக்கப் போட்டார்கள். உங்கள் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களைப்போலவே உறையை இடுப்பில் கட்டி ஏணி ஏறினேன், பயத்தில் ஏறினேன். பார்த்தவர்கள் "அக்காவை மிஞ்சிட்டான்" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. உங்களுக்கு 'முழங்கால்' என்று பட்டப்பெயர் வைத்தோம். முதலில் சொன்னவர் யார் என்பது முக்கியமில்லை. எல்லோருக்கும் அது சௌகரியமாய் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல, தப்பு உங்களுடையதுதான் என்று எங்களுக்கே தோன்ற ஆரம்பித்தது. பின்னால் வந்து சேர்ந்த நாலு பேரும், உங்களுக்கு மூட்டுவலி என்று நினைத்து, மரியாதையாய் 'முழங்கால் அக்கா' என்று கூப்பிட்டார்கள். நீங்களும் "என்னப்பா?" என்று திரும்பினீர்கள்.

பின்கட்டில் நீங்கள் ஏழாண்டுகளில் தைத்த தோள்வார்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பகல் முழுக்க மணல்மூட்டையைத் தொங்கவிட்டுத் தையல் இளகுகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவீர்கள். அந்தப் பகுதிக்கு முத்திரை கிடையாது. உங்கள் வேலை என்பதற்கு எந்த அடையாளமும் இல்லாமலேயே அவை ஊர் ஊராய்ப் போயின.

போன மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் நல்லா எழுத வரும், மடலை நீயே எழுது," என்றார். எழுதினேன். வருடக் கணக்கு சரிதானா என்று கேட்கப் பின்கட்டுக்கு வந்து உங்களிடம் வாசித்துக் காட்டினேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டீர்கள்.

"முப்பத்தோரு வருஷம்னு ஒரே மூட்டையாக் கட்டிட்டியே தம்பி. கடைசி ஏழு வருஷம் நான் ஏன் இந்த மூலையில உட்கார்ந்தேன்னு எழுதலையா?"

கையிலிருந்த தாளை மடித்தேன். "அக்கா, அந்த முத்திரையை அடிச்சது நான்தான்," என்றேன்.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"திரும்பி வந்த உறையைப் பிரிச்ச அன்னைக்கே. நூத்து முப்பத்தொன்பதுலயும் நட்சத்திரம் ஒரே பக்கமா சாஞ்சிருந்துச்சு. இங்க இடது கையால அடிக்கிறவன் நீ ஒருத்தன்தானே."

"அப்போ ஏங்க்கா சொல்லல?"

"சொன்னேனே, நான் அடிக்கலன்னு. யாரும் கேக்கல. இன்னொரு தடவை போய்ச் சொன்னா, தன் தப்பை மறைக்க அடுத்தவனைக் கைகாட்டுறாள்னு சொல்வாங்க. நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். முதல் வருஷம் தினமும் பார்த்தேன். நீ என் நாற்காலியில ஏறி உட்கார்ந்ததுக்கு அப்புறமும் பார்த்தேன். பிறகு பார்க்கிறதையே விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் கையைக் காட்டித் தடுத்தீர்கள். "கேக்காத. குடுக்க இப்ப என்கிட்ட இல்ல. முதல்ல கால்ல குண்டு பட்ட அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு. இத்தனை வருஷமா நான் செஞ்ச தப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்கார்."

நீங்கள் அவரைப் போய்ப் பார்த்து வந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வெட்டுபவரிடமும் பட்டன் பதிப்பவரிடமும் சொன்னேன். "எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ். ஆறிப்போனதை எதுக்குடா கிளறுற?" என்றார் வெட்டுபவர். "யாருக்கு ஆறிச்சு?" என்று கேட்டார் பட்டன் பதிப்பவர். வெட்டுபவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேருமாய்த்தான் போனோம்.

அந்தக் காவலர் இப்போது கடைத்தெரு முனையில் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறார். காலை நீட்டி ஒரு பெட்டிமேல் வைத்துக்கொண்டு அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். அரம் நின்றது.

"அந்தம்மா முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப நான் பேசின பேச்சு இருக்கே... என் பொண்டாட்டி காதைப் பொத்திக்கிட்டா. அவங்க நின்னு கேட்டாங்க. 'நான் அடிக்கல, ஆனா இழுப்பறையைப் பூட்டாமப் போனது என் தப்புதான்'னு சொன்னாங்க. சாக்குச் சொல்றாங்கன்னு இன்னும் திட்டினேன். அப்புறமும் விடாம வந்தாங்க. இந்த முழங்கால் பட்டை அவங்க தச்சுக் குடுத்ததுதான்." பட்டையைத் தடவிக்கொண்டே எங்களைப் பார்த்தார். "என் காலுக்கு நீங்க பதில் சொல்றது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்னைக்கு நான் திட்டினதை இப்ப எப்படித் திருப்பி வாங்கறது? அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் இன்று வந்திருக்கிறார்; மூன்றாம் வரிசையில், ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

முன்வரிசையில் இருக்கும் உங்கள் கணவருக்கும் ஒரு சொல். மாமா, உங்கள் கண்ணுக்காக விடுப்பெடுத்ததால்தான் அக்காவுக்கு இந்தப் பழி என்று நீங்கள் வருத்தப்படுவதாக உங்கள் மகள் சொன்னார். உங்கள் கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அக்கா எங்கே போயிருந்தாலும் நாங்கள் அதைத்தான் செய்திருப்போம்.

இன்று காலை நாங்கள் மூவரும் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு மேலாளரிடம் கொடுத்தோம். விசாரணை நடத்திய அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்பிவிட்டோம். "விழாவைக் கெடுக்காதீங்கப்பா, நாளைக்குப் பேசிக்கலாம்," என்றார் மேலாளர். "நாளைக்கு அவங்க இங்க இருக்க மாட்டாங்க சார்," என்றார் வெட்டுபவர். எட்டு மாத சர்வீஸ் மிச்சமுள்ள மனிதர் அதைச் சொன்னார் என்பதையும் இந்த மடலில் எழுதி வைக்கிறோம். எங்கள்மேல் என்ன நடவடிக்கை வந்தாலும் ஏற்கிறோம். உங்கள் பணிப்பதிவேட்டில் உள்ள அந்த ஒரு பக்கம் திருத்தப்படும்வரை நாங்கள் மூவரும் அலுவலக வாசலை விடப்போவதில்லை.

பண்பில் பழுதிலாப் பெருந்தகையே! உடல் நலமும் உள அமைதியும் பெற்று, கணவரோடும் மகளோடும், காலை எழுந்ததும் எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்க வேண்டாத நெடுநாள்களை நீங்கள் வாழ வேண்டும் என்று விரும்புகிறோம். வாழ்த்துவதற்கு ஒரு தகுதி வேண்டும். விரும்புவதற்கு வேண்டாம் என்பதால் விரும்புகிறோம். இந்த மடலை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. சட்டமிட்ட இன்னொரு படியைப் பரிசோதனை மேசைக்கு மேலே நாங்கள் மாட்டுவோம். இனி அங்கே உட்காருகிறவர் யாராயினும் அதை வாசித்துவிட்டு உட்காரட்டும்.

அவையோரே, தயவுசெய்து கை தட்டாதீர்கள்.

இங்ஙனம்,

முத்திரையைத் திருடி அடித்தவன்
வயிற்றுத் தோலில் வார் வெட்டியவன்
தெரிந்தே அதில் பட்டன் பதித்தவன்
பார்த்திருந்தும் வாய் திறக்காத எண்மரில், இன்றும் இங்கே பணியாற்றும் ஐவர்
காரணம் கேட்காமலே அந்தப் பெயரால் அழைத்த நால்வர்