கை உயர்ந்தால் மட்டும்

படகில் எப்போதும் இரண்டு துண்டு வைத்திருப்பேன். ஒன்று உட்காரும் பலகையைத் துடைக்க, இன்னொன்று தண்ணீரிலிருந்து ஏறுகிறவர் தலை துவட்ட. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று ஒன்றின் ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டியிருக்கிறேன். பதினோரு வருடத்தில் என் துண்டைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. என்னைப் பற்றியும் கிளப்பில் நல்லவிதமாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

தாளைக் கொடுத்து நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். உங்களுக்குக் கடல் விளையாட்டு பழக்கமில்லை என்றதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மேலே ஒரு பட்டம். பிள்ளைகள் விடுகிற பட்டம் இல்லை, ஓர் அறையின் கூரை அளவுக்குத் துணி. அதன் கயிறுகள் ஆளின் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கும். காலடியில் ஒரு சின்னப் பலகை. பலகைக்கு அடியில் இடுப்பு உயரத் தூண், தூணின் நுனியில் முன்னே பெரிதாக ஒன்றும் பின்னே சின்னதாக ஒன்றும் இரண்டு இறக்கைகள். இதைத்தான் ஹைட்ரோஃபாயில் என்கிறார்கள், நாங்கள் சுருக்கமாக ஃபாயில் என்போம். வேகம் வந்ததும் அந்த இறக்கைகள் பலகையைத் தண்ணீரை விட்டுத் தூக்கிவிடும். ஆள் சத்தமே இல்லாமல் அலைக்கு மேலே போய்க்கொண்டிருப்பார்.

போவது சுலபம். கொஞ்சம் பிடிவாதம் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் யாரும் போய்விடலாம். திரும்புவதுதான் உயிரை வாங்கும். பட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுவர வேண்டும், பலகையை வளைக்க வேண்டும், வளைகிறபோதே முன்காலைப் பின்னும் பின்காலை முன்னும் மாற்ற வேண்டும், உயரமும் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும். கால் மாற்றுகிற அந்த அரை நொடியில்தான் எல்லோரும் விழுகிறார்கள். பத்து முறை விழுந்து கையில் தெம்பில்லாமல் போனதும், காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டு தூரமாகப் போய்விடும். நான் படகில் போய் அள்ளிக்கொண்டு வருவேன். இப்படிப்பட்டவர்களுக்குக் கிளப்பில் 'ஒருவழி' என்று பெயர். போகத் தெரியும், வரத் தெரியாது.

ஒரு விதி உண்டு. படகு தானாகப் போகாது. மிதக்கும் கயிறு எஞ்சினில் சுற்றினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. விழுந்தவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கினால் மூன்று நிமிடத்தில் பக்கத்தில் இருப்பேன்.

அவர் பல் டாக்டர். நாற்பத்துமூன்று வயது. செவ்வாய்க்கிழமை கிளினிக் கிடையாது, மதியம் இரண்டு மணிக்கு வந்துவிடுவார். முதல் ஏழு மாதமும் ஒவ்வொரு செவ்வாயும் நான்தான் அள்ளிக்கொண்டு வந்தேன். தன்னைத்தானே 'ஒருவழி டாக்டர்' என்று சொல்லிக்கொண்டு படகில் ஏறுவார். எஞ்சினை நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன், கரை வந்து சேரப் பதினைந்து நிமிடம் ஆகும். ஒருநாள் பேச்சுவாக்கில் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றேன். "வாயத் திறங்கண்ணே" என்றவர் என் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலில் உப்பு. எனக்கு வீட்டில் நானும் டிவியும்தான். என் முகத்தை ஒருவர் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அன்று ராத்திரி யோசித்தேன், கணக்கு வரவில்லை. நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். அவர் எனக்குத் தங்கை மாதிரி.

நான்காவது மாதத்தில் அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் ஒரு நரம்பு நோய் ஆரம்பித்ததாம். கடைசியில் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாமல் போய்விட்டார்களாம்.

"முதல்ல போனது பேலன்ஸ்தாண்ணே. படியில எறங்குறப்ப தடுமாறுவாங்க. நாங்க கேலி பண்ணுவோம், தெரியாம."

"உங்களுக்கு அப்படியெல்லாம் வராது டாக்டர்."

"வந்தா என் தொழில் போச்சு. கை நடுங்குற பல் டாக்டர்கிட்ட யாரு வாயத் திறப்பா? அதுக்குத்தான் இத கத்துக்கறேன். கால் மாத்தி சுத்தமா திரும்பிட்டேன்னா, உடம்பு நல்லாருக்குன்னு அர்த்தம்."

இதை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. தன் சொந்தத் தங்கையிடம்கூட. என்னிடம்தான் சொன்னார்.

எட்டாவது மாதம் அவர் திரும்பிவிட்டார். நான் படகிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டம் தலைக்கு மேல் வந்தது, முழங்கால் மடிந்தது, கால் மாறியது, பலகை ஒரு சாண்கூட ஏறி இறங்காமல் பெரிய அரைவட்டம் போட்டு வந்தது. நேராக என் படகைத் தாண்டிப் போனார். "பாத்தீங்களாண்ணே, பாத்தீங்களா" என்று கத்திக்கொண்டே போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது பொய்யில்லை.

அடுத்த மூன்று செவ்வாயும் அவர் தானாகப் போய்த் தானாக வந்தார். தாண்டிப் போகும்போது தோள் உயரத்துக்குக் கையை ஆட்டுவார். அது கூப்பிடுகிற கை இல்லை. கரையில் ஏறி, பலகையை என்னிடம் கொடுத்து, "தேங்க்ஸ்ணே" என்று சொல்லிவிட்டுக் கார் பக்கம் போய்விடுவார். நான் சும்மா மிதந்துகொண்டிருந்தேன்.

கிளப்பில் என் வேலை படகு மட்டுமில்லை. மாலையில் எல்லா ஃபாயில்களையும் நல்ல தண்ணீரில் கழுவி, போல்ட்டுகளைக் கழற்றிக் கிரீஸ் தடவித் திரும்ப மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு ஏறிப் போல்ட் இறுகிவிடும். பின் இறக்கையை மாட்டும்போது அதற்கும் இறக்கைகளைத் தாங்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைக்கலாம். நகத்தின் கனம்தான் இருக்கும். இறக்கை கொஞ்சமே கொஞ்சம் சாயும், பலகைக்குத் தூக்கல் கூடும். நேராகப் போகும்போது அவ்வளவாகத் தெரியாது. கால் மாற்றுகிறபோது எடை ஒரு கணம் பின்னால் போகும் பாருங்கள், அப்போது பலகையின் மூக்கு எகிறும்.

ஒரே ஒரு செவ்வாய் என்றுதான் வைத்தேன்.

அன்று அவர் ஆறு முறை விழுந்தார். ஏழாவது முறை கையைத் தூக்கினார். போனேன், துண்டைக் கொடுத்தேன். "என்னாச்சுன்னே தெரியலண்ணே, போன வாரம் வந்துச்சே" என்றார். காற்று சரியில்லை என்றேன். அடுத்த வாரம் தகட்டை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போல்ட் கழற்றுகிற அலன் சாவியைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பது நிஜம். போல்ட்டுகளைக் கழற்றினேன், கிரீஸ் தடவினேன், தகட்டோடு மாட்டினேன். ஒவ்வொரு வாரமும் இப்படியே ஆயிற்று. என் கை நான் சொல்வதைக் கேட்கவில்லை என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

பதினோரு வாரம். நான்காவது வாரத்தில் அவர் பேச்சு குறைந்தது. ஐந்தாவது வாரம் கரையில் ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். விழவில்லை. இருந்தும் முகம் தெளியவில்லை. ஏழாவது வாரம், நோயாளிகளைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்றார். பல்லைப் பிடுங்கும்போது தன் கை நடுங்குகிறதோ என்று சந்தேகமாம். எட்டாவது வாரம் படகில் உட்கார்ந்து அழுதார்.

"அம்மாவுக்கு வந்த மாதிரியே வந்துடுச்சுண்ணே."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு தகடு டாக்டர், நகத்துக் கனம், உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று. நாக்கு நுனி வரை வந்தது. நான் சொன்னதோ வேறு. "வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல டாக்டர். நான் இருக்கேன், பயப்படாதீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கரை வரும்வரை விடவில்லை. அவருக்கு இருந்த பயத்தில் கால்வாசி எனக்கும் இருந்தது, அவர் கடலையே விட்டுவிடுவாரோ என்று.

பத்தாவது வாரம் அவர் ஃபாயிலைப் புரட்டிப் போட்டுப் பார்த்தார். பல்லின் மேல் மயிரிழை உயரம் கூடினாலும் கண்டுபிடிக்கிற கை. பின் இறக்கையின் இணைப்பில் நகத்தை ஓட்டி நிறுத்தினார்.

"இங்க என்னமோ இருக்கேண்ணே."

"கிரீஸ் டாக்டர். காஞ்சு போயிருக்கும். நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்தா சரி" என்று எழுந்து போய்விட்டார். அவ்வளவு நம்பிக்கை. இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பதினோராவது செவ்வாய் அவர் வந்ததும் சொன்னார்: "இன்னைக்குத்தாண்ணே கடைசி. ஒரே ஒரு தடவை திரும்பிட்டா போதும். இல்லன்னா எல்லாத்தையும் வித்துட்டு, கிளினிக்கையும் மூடிட்டு, தங்கச்சி வீட்டோட போயிடறேன். அடுத்த வாரம் ஸ்கேன் ரிசல்ட் வருது. அது என்ன சொல்லும்னு எனக்கே தெரியும்."

உடை மாற்றப் போனார். எனக்குக் கால் மணி நேரம் இருந்தது. என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தகட்டை எடுத்தால் திரும்பிவிடுவார், பிறகு நான் வேண்டாம். எடுக்காவிட்டால் விழுவார், விட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டுமே முடியாது. கணுக்கால் சுளுக்கின மாதிரி சின்னதாக ஏதாவது ஆனால், நாலைந்து வாரம் காரில் ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டியிருக்கும், தங்கை வெளியூர், நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். இரண்டாவது தகட்டை வைத்து போல்ட்டை இறுக்கினேன். சுளுக்குக்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு அவர் திரும்பத் தொடங்கினார். நல்ல வேகம். பட்டம் மறுபக்கம் வந்தது, முழங்கால் மடிந்தது, கால் மாறியது. எல்லாம் சரியாகத்தான் செய்தார், நான் சாட்சி. பலகை மூக்கைத் தூக்கி எகிறி, இறக்கைகள் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டன. அவர் மல்லாக்க விழுந்தார். ஃபாயில் சுழன்று வந்து அவர் கழுத்தின் பின்பக்கம் அடித்தது. பட்டம் தண்ணீரில் படுத்துக்கொண்டது.

நான் எஞ்சினைக் கிளப்பவில்லை. கை உயரவில்லை என்று கிளப்பின் புத்தகத்தில் எழுதினேன், உங்களிடமும் நேற்று ஸ்டேஷனில் அதையே சொன்னேன். இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தேன். மிதவை உடுப்பு முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தது, அதனால் அவசரமில்லை என்று பட்டது. கரையிலிருந்து பயிற்சியாளர் விசில் ஊதிய பிறகு போனேன். அவரைத் தூக்கியபோது கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் தலையைத் துவட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். தண்ணீரில் கிடந்த நேரத்தில் நரம்பில் வீக்கம் ஏறிவிட்டதாம், கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை, தொண்டையில் குழாய், பேச்சில்லை. வெளியூரிலிருந்து வந்த தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா அக்கா போயிருப்பாங்கண்ணே" என்றார். ஸ்கேன் ரிசல்ட்டையும் அவர்தான் காட்டினார். மூளையில், நரம்பில் ஒரு குறையும் இல்லை. அம்மாவின் நோய் இவரைத் தொடவே இல்லையாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நான் உள்ளே போகும்போதெல்லாம் டாக்டர் கண்ணை மூடிக்கொள்வார். என்னைப் பார்த்தால் அவருக்கு ஒரு நிம்மதி என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கட்டும் என்று பேசாமல் இருப்பேன்.

ஐந்தாவது வாரம் குழாயை எடுத்தார்கள். அவர் பேசிய முதல் பேச்சு, ஃபாயிலைக் கொண்டுவந்து போல்ட்டைக் கழற்றுங்கள் என்பதுதான் என்று நீங்கள் சொன்னீர்கள். தங்கை கழற்றினாராம், இரண்டு தகடும் விழுந்ததாம். இரண்டும் நான் வைத்தவைதான். வேறு யார் மேலும் சந்தேகப்பட வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டீர்கள். என் பைனாகுலர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று. அவர் பக்கம்தான். முழு நேரமும் அவர் பக்கம்தான். வலது கை தண்ணீரை விட்டு எழுந்தது. காது வரை வந்தது, விழுந்தது. மறுபடி வந்தது. நான்கு முறை எண்ணினேன். ஐந்தாவது முறை வரவில்லை. விதி தலைக்கு மேல் என்கிறது, காது என்று சொல்லவில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்தட்டும் என்று இருந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டு என்னைக் கூப்பிட்டவர் அதுவரை யாருமில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

நான் இனி அந்த அறைப் பக்கமே வரக் கூடாது என்று அவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பார். தங்கைக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்க முடியும்? இங்கே எல்லாம் முடிந்ததும் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். கை இனி அசையாது என்று தெரியும். அதனால் இந்த முறை கைக்காகக் காத்திருக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.