பையோடு நட்ட கன்றுகள்

— எழுத்துகூட அழியல அண்ணே. வெளிச்சத்துல பிடிச்சு நீயே படி.

— இரு பாப்பா, மூச்சு வாங்குது. போன்ல நீ போட்ட சத்தத்துல வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்கேன். இது எங்க கம்பெனி நாத்துப்பைதானே? புதுசா?

— புதுசா தெரியுதா? ரெண்டு வருசமா ஆஸ்பத்திரி மைதானத்துல மண்ணுக்குள்ள கிடந்தது. காலையில தோண்டி எடுத்துக் கழுவினேன். இப்பவும் ஒரு கிழிசல்கூட இல்ல.

— அய்யய்யோ! இதுக்குள்ள சுருண்டு கிடக்கே, இது என்ன?

— வேர். வெளிய போக வழி இல்லாம பைக்குள்ளயே சுத்திச் சுத்தி, தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கிச்சு. முந்நூறு கன்னு நட்டேன் அண்ணே. இருநூத்தி அறுபது இப்படிப் போச்சு. உரம் போட்டேன், மருந்து அடிச்சேன், தண்ணி சரியில்லன்னு மேஸ்திரிகிட்ட மல்லுக்கு நின்னேன். கடைசியில பார்த்தா இது!

— அடக் கடவுளே.

— கடவுளை அப்புறம் கூப்பிடு. லேபிள் எழுதுறவன் நீ. 'முழுவதும் மக்கும்'னு போட்டிருக்கியே, அப்படின்னா என்ன அர்த்தம்?

— மக்கும்னா மக்கும்தான் பாப்பா. அதாவது, என்ன விஷயம்னா... அதுக்குன்னு தனி உலை இருக்கணும். அறுபது டிகிரி சூடு, சரியான ஈரம், அப்பப்போ கிளறி விடணும். அப்படி வச்சா சில மாசத்துல மக்கிடும்.

— ஆஸ்பத்திரி மண்ணு என்ன, கொதிக்குதா?

— அதான் சொல்றேன். சாதா மண்ணுல எத்தனை வருசம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது.

— இதை ஏன் லேபிள்ல போடல?

— இடம் இல்ல.

— இடம் இல்லையா! அடுத்த வரியைப் படி. 'தானாகச் சிதையும்'. இதுக்கு வேணும்கிற இடம் இருந்திருக்கு.

— அது வேற. அதாவது, வெயில் பட்டா துண்டு துண்டா உதிரும்.

— உதிர்ந்து?

— துண்டாவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகும். இல்லாமப் போகாது.

— அப்போ மறையுது, அழியல. சரி, இந்த முக்கோணக் குறி? இதைப் பார்த்துட்டுத்தானே மிச்சப் பையையெல்லாம் தனியா மூட்டை கட்டி வச்சேன், திரும்ப உருக்கிப் புதுசு பண்ணுவாங்கன்னு.

— அது என்ன வகைப் பிளாஸ்டிக்னு சொல்ற குறி பாப்பா. அதை வாங்கி உருக்க ஒருத்தன் இருக்கான்னு அர்த்தம் இல்ல. இந்த ஊர்ல அப்படி யாரும் இல்ல.

— அடுத்தது. 'இயற்கைக்கு உகந்தது'?

— அதுக்கு... அர்த்தமே கிடையாது. யாரு வேணும்னாலும் எதுல வேணும்னாலும் போட்டுக்கலாம். பச்சை மையில போட்டா நல்லா எடுப்பா இருக்கும்.

— நல்லா இருக்கு அண்ணே. கடைசி வரி. 'கார்பன் சமநிலை'. இதையும் சொல்லித் தொலை.

— எங்க ஆலை எவ்வளவு புகை விடுதோ, அதை உறிஞ்சுற அளவுக்கு வேற எங்கயாவது மரம் வளர்த்தா, ரெண்டும் நேராயிடுச்சுன்னு போட்டுக்கலாம்.

— எங்க வளர்க்கிறீங்க?

— அதெல்லாம் மேல இருக்கறவங்க பார்த்துக்குவாங்க பாப்பா.

— மழுப்பாத. எந்த மரம் அண்ணே?

— உன் மரம்தான்.

— என்ன?

— கம்பெனி செலவுல நீ ஆஸ்பத்திரியில நட்ட முந்நூறு கன்னும் அதுல சேர்த்தி. எல்லாம் நல்லா வளர்றதா எழுதியாச்சு.

— செத்த மரம் புகையை உறிஞ்சுதுன்னா? அடப்பாவிகளா! அங்க நோயாளியோட வந்தவங்க வெயில்ல துண்டைத் தலையில போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அடுத்த வருசம் நிழல் வந்துடும்னு நான்தான் போற வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசினேன். நாளைக்குப் பெரிய டாக்டர் அம்மா முன்னாடி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது? என் நர்சரியில இருந்து இனி ஒரு பூச்செடி வாங்குவாங்களா?

— பதறாத பாப்பா. யோசிப்போம்.

— பதினஞ்சு வருசமா நாத்துப்பை எதுவானாலும் கிழிச்சு எறிஞ்சுட்டுத்தான் நட்டிருக்கேன். கை தானா அப்படித்தான் போகும். 'கிழிக்காதீங்க, பையோட வைங்க, அதுவே உரமாயிடும், என் அண்ணன் கம்பெனி'ன்னு ஆளாளுக்குப் பாடம் எடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்.

— சரி, மிச்சம் நாப்பது எப்படித் தப்பிச்சுது?

— அது என்கிட்ட வேலை பார்த்தாரே, கடப்பாரைன்னு கூப்பிடுவோமே, அவர் நட்டது.

— யாரு, அந்த ஒல்லியான ஆளா? நிமிர்ந்து நிப்பாரே?

— அவரேதான். முதல் நாள் நான் அந்தப் பக்கம் போறதுக்குள்ள நாப்பது பையைக் கிழிச்சுட்டாரு. சொன்னா கேக்க மாட்டியான்னு எல்லார் முன்னாடியும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டு, அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பினேன். பதில் ஒரு வார்த்தை பேசல அந்த மனுசன். இப்போ அந்த நாப்பதும் என் தலைக்கு மேல நிக்குது.

— ம்.

— அவருக்கு எப்படி அண்ணே தெரிஞ்சிருக்கும்?

— பழக்கம்தான் பாப்பா. நீயே சொன்னியே, கை அப்படித்தான் போகும்னு.

— உனக்கு எப்போ தெரியும்?

— எனக்கா? போன மாசம்தான். கம்பெனிக்கு வெளியில இருந்து ஒருத்தர் வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாரு. கேட்டதும் எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு.

— அதுக்கு முன்னாடி தெரியாது?

— தெரிஞ்சா என் தங்கச்சி நட விடுவேனா? என்ன பேச்சு இது!

— தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பே.

— உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருப்பேன். வேலை போனா போகட்டும்னு சொல்லியிருப்பேன். நீ எனக்கு யாரு, வெளி ஆளா?

— சரி அண்ணே. அப்போ இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு, எங்கயும் போகாத.

— ஏன், யாராவது வர்றாங்களா?

— கடப்பாரை வர்றாரு. காலையில அவர் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். 'ஏன்யா, அன்னிக்கு ஏன் கிழிச்சே, கிழிச்சவன் ஏன் வாயைத் திறக்கல'ன்னும் கேட்டேன். 'உங்க அண்ணன்தாம்மா காதோட சொன்னாரு, பையைக் கிழிச்சு நடு, ஆனா என் தங்கச்சிக்குத் தெரிய வேணாம்னு'ன்னாரு.