நீல மூடி

— கையெழுத்து அப்புறம் போடுறேன் அண்ணே. லாரிக் குழாய எந்தத் தொட்டி மூடியில மாட்டுனீங்க?

— நீலத்துலதான். எத்தனால் கலப்புக்கு நீலம், சாதா பெட்ரோலுக்குப் பச்சை, பிரீமியத்துக்குச் சிவப்பு. பதினாலு வருஷமா இதானேம்மா என் பொழப்பு.

— கோல் விட்டு அளந்தேன். கலப்புத் தொட்டி காலையில இருந்த அளவுலயே நிக்குது. சாதா தொட்டிதான் கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு.

— அளந்ததுல ஏதாவது...

— ரெண்டு தடவ அளந்துட்டேன். பம்பையும் நிறுத்திட்டேன். நீங்க கொண்டாந்தது முக்கால்வாசி எத்தனால். அது பூரா சாதாவுக்குள்ள கெடக்கு.

— சரி, பதறாத. புது வண்டின்னா கொஞ்சம் இருமிட்டு ஓடிடும். ரெண்டு நாள்ல தொட்டி காலி. ஈ காக்காவுக்குத் தெரியாது.

— படகுக்காரர் இப்பதான் ரெண்டு கேன் வாங்கிட்டுப் போனாரு. சின்னப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு. அரதப் பழசு எஞ்சின். இதக் குடிச்சா நடுக்கடல்ல நின்னுடும்.

— அவருக்குப் போனப் போடு.

— போட்டேன், எடுக்கல. துறைமுகத்துல சொன்னாத்தான் பின்னாடியே ஆள் அனுப்புவாங்க.

— அங்க யார் தப்புன்னு எழுதி எங்க ஆபீசுக்கு அனுப்புவாங்க. எனக்கு இது கடைசி வாய்ப்புன்னு போன தடவையே சொல்லிட்டாங்கம்மா.

— அதுக்காகச் சும்மா இருக்க முடியுமா?

— நீ வேற காலையிலயே மூடியெல்லாம் கழட்டிக் கழுவி, பளிச்சுன்னு வச்சிருந்த. அப்படியும் நான் மாத்தி மாட்டியிருக்கேன் பாரு... ஏன்மா, அந்த மூடியப் போய் குனிஞ்சு பாக்குற?

— ஒண்ணுமில்ல. நீலம்தான்னு நல்லாப் பாத்தீங்களா?

— சத்தியமா நீலம்னுதான்... இல்ல, உங்கிட்ட என்னத்த மறைக்க? கண்ணுல புரை விழுந்திருக்குன்னு டாக்டர் போன மாசமே சொல்லிட்டாரு. நீலமும் பச்சையும் மங்கலாத்தான் தெரியுது. வண்டியப் பிடுங்கிடுவாங்கன்னு வீட்டுலகூட மூச்சு விடல.

— அண்ணே, நான் சொல்றதக் கொஞ்சம்...

— வேணாம்மா. ஒரு பிள்ளை உசுரு இது. போனப் போடு. என் பேரச் சொல்லு.

— ஹலோ, துறைமுகமா? பெட்ரோல் பங்க்லேருந்து பேசுறேன். மஞ்சப் படகு, அப்பாவும் பொண்ணும். அவங்க கேன்ல இருக்கறது தப்பான பெட்ரோல். ஆள் கெளம்பியாச்சா? ரொம்ப நன்றி சார்.

— என் பேரச் சொல்லும்மா.

— எழுதிக்கோங்க சார். லாரிக்காரர் நீல மூடியிலதான் மாட்டியிருக்காரு. காலையில கழுவிட்டு, நீலத்தையும் பச்சையையும் எடம் மாத்தி மூடி வச்சது நான்.