இறுக்க இறுக்கக் கழண்ட பெடல்

நாத்தனார்: தானா விழுந்துச்சா?

அண்ணி: ஆமா. மாடிப்படிக்குக் கீழ சும்மா நின்னுட்டிருந்துச்சு. டக்குனு ஒரு சத்தம். போய்ப் பாத்தா பெடல் தரையில கிடக்கு.

நாத்தனார்: நின்ன சைக்கிள்ல...

அண்ணி: நின்ன சைக்கிள்லதான்.

நாத்தனார்: ஒருத்தர் காலும் படாம.

அண்ணி: உன் பழைய சைக்கிள்தானே? அஞ்சு வருஷமா எங்க வீட்டுல கிடக்கு. வயசாயிடுச்சு, விழுந்துடுச்சு.

நாத்தனார்: அண்ணி, இந்த ரிப்பேர் கடை வெச்சு எட்டு வருஷம் ஆச்சு. நாய் குறுக்க வந்துச்சு, குழி தெரியல, எல்லாக் கதையும் கேட்டாச்சு. நின்ன இடத்துல பெடல் விழுந்த கதை இப்பதான் வருது.

அண்ணி: நாத்தனாராச்சேன்னு உன்னை நம்பி வந்தேன் பாரு. அடுத்த தெருக் கடைக்கே போயிருக்கலாம்.

நாத்தனார்: போங்களேன். அந்த ஆள் சைக்கிளையே மாத்தச் சொல்வார். உக்காருங்க... அந்த ஸ்டூல் வேணாம், கிரீஸ். இப்படி வாங்க. இதுதான் கிராங்க், பெடலைத் தாங்கற கை. இந்த ஓட்டைக்குள்ள விரலை விடுங்க.

அண்ணி: வழவழன்னு இருக்கு.

நாத்தனார்: அங்க மரை இருக்கணும். போல்ட்டுல சுத்திச் சுத்தி வரி வரியா இருக்குமே, அது. ஒரு வரி மிச்சமில்ல. நல்லவேளை, நடு அச்சு தப்பிச்சுது. அண்ணி, இது நின்ன சைக்கிள் இல்ல. பெடல் லொடலொடன்னு ஆட ஆட, மேல ஏறி மிதிச்ச சைக்கிள்.

அண்ணி: இரு, யோசிக்கறேன்.

நாத்தனார்: அடுத்த பொய்யா?

அண்ணி: சரி, நான்தான் ஓட்டினேன். போதுமா? மூணு வாரமா, விடியக்காலையில, வீட்டுக்குப் பின்னாடி மைதானத்துல.

நாத்தனார்: அப்படி வாங்க வழிக்கு. எதுக்காம்?

அண்ணி: உடம்பு குறைக்க.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: உன்கிட்ட மறைக்க முடியாது போல. வேலை கிடைச்சிருக்குடி. ஆத்துக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக் கம்பெனி. திங்கக்கிழமை சேரணும். ஆறு மணி ஷிஃப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. நடந்தா ஒண்ணேகால் மணி நேரம்.

நாத்தனார்: அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: தெரியாது. நீயும் வாயை விட்டுடாத. முன்ன ஒரு தடவை, சைக்கிள் கத்துக்கட்டுமான்னு கேட்டேன். தையல் மெஷின்ல இருந்து தலையைக்கூடத் தூக்கல. நாப்பத்தி ரெண்டு வயசுல கைகாலை உடைச்சுக்காதன்னார். இப்பவும் வேணாம்னுடுவார். அவர் வேணாம்னா எனக்குப் போக மனசு வராது. அதான், சேந்துட்டே சொல்லிக்கலாம்னு... திங்கக்கிழமைக்குள்ள ஆயிடுமா? எனக்குப் பயமா இருக்கு. இந்த ஒரு வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க.

நாத்தனார்: ஆயிடும். ஓட்டையைப் பெருசாக்கி உள்ள இரும்புல ஒரு புஷ், வளையம் மாதிரி, போட்டுட்டா, புது மரை. இந்த அலுமினியக் கிராங்கை விடக் கெட்டி. ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துக்கங்க.

அண்ணி: மகராசி, நல்லா இருப்ப. நான் வரேன்.

நாத்தனார்: இருங்க இருங்க, விசாரணை முடியல. பெடல்ல கை வெச்சீங்களா?

அண்ணி: ஆடுச்சு... ஸ்பேனரை வெச்சு இறுக்கினேன்.

நாத்தனார்: எந்தப் பக்கம் திருகினீங்க?

அண்ணி: ஊர்ல எல்லாரும் எந்தப் பக்கம் திருகுவாங்க? வலது பக்கம். டப்பா மூடி, குழாய், எல்லாம் அப்படித்தானே?

நாத்தனார்: கைக்கு எப்படி இருந்துச்சு?

அண்ணி: முதல்ல கெட்டியா இருந்துச்சு. அப்புறம் லேசா, சொன்ன பேச்சு கேட்டுட்டு சுத்திச்சு. பரவால்லையே, நமக்கும் இந்த வேலை வருதேன்னு நினைச்சேன்.

நாத்தனார்: இறுக்கற சாமான் போகப் போகக் கெட்டியாகணுமா, லேசாகணுமா?

அண்ணி: ...ஐயையோ.

நாத்தனார்: இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ், அண்ணி. மத்ததெல்லாம் இறுகற பக்கம் அது கழலும். மிதிக்கற மிதியில தானா கழண்டுக்கக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்காங்க.

அண்ணி: இதை எழுதி ஒட்டினா என்ன?

நாத்தனார்: பெடல் நுனியிலயே எழுத்து இருக்கு. யார் பாக்கறா? எத்தனை தடவை இறுக்கினீங்க?

அண்ணி: நாலு நாள். நான் இறுக்கி வெச்சா, மறுநாள் இன்னும் அதிகமா ஆடும்.

நாத்தனார்: இன்னும் அதிகமா... ம். சரி, இந்த சீட்டுக் கம்பியைப் பாருங்க. ரெண்டு இடத்துல கீறல். ஒண்ணு உங்க உயரத்துக்கு. இன்னொண்ணு நாலு விரக்கடை மேல.

அண்ணி: அது பழசு.

நாத்தனார்: பளபளன்னு இருக்கே.

அண்ணி: பழசுதான். நீ ஓட்டின காலத்துது.

நாத்தனார்: நான் உங்களை விடக் குள்ளம்.

அண்ணி: அப்போ எலி கடிச்சிருக்கும்.

நாத்தனார்: எலி ஸ்பேனர் எடுத்து சீட்டை ஏத்துச்சா? நம்ம வீட்டுல நெட்டையா ஒரே ஒரு ஆள்தான்.

அண்ணி: உங்கண்ணனா? போடி. அவர் சைக்கிள் பக்கமே போக மாட்டார். சின்ன வயசுல ஓட்டாத ஓட்டமா, அலுத்துப் போச்சுன்னு சொல்லியிருக்காரே.

நாத்தனார்: அப்படியா சொன்னான்? அண்ணி... நான் ஒருத்தருக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

அண்ணி: அப்போ சொல்லாத.

நாத்தனார்: சொல்லலைனா எனக்கு வயிறு வெடிச்சிடும். இன்னைக்குக் காலையில நான் ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடியே அண்ணன் வந்து நின்னான். "மரையை நாசம் பண்ணது நான்தான், அவ கொண்டுவந்தா திட்டாத"ன்னான். அவனுக்கு ஓட்டவே தெரியாது அண்ணி. சின்ன வயசுல அப்பா பிடிச்சுக்கிட்டாலே அழுவான். உங்க வேலை லெட்டரை பீரோவுல பாத்துட்டானாம். "ஆறு மணி ஷிஃப்ட்டுன்னா பாலத்துல இருட்டுல போகணும், முதல் வாரமாவது நான் கூடப் போகணும்"னு, தினம் சாயங்காலம் தையல் கடையைச் சாத்திட்டுப் போய் மைதானத்துல கத்துக்கறான். நீங்க விழுந்துடக் கூடாதேன்னு பெடலை வேற இறுக்கி வெச்சிருக்கான்.

அண்ணி: எந்தப் பக்கமா?

நாத்தனார்: வேற எந்தப் பக்கம்? காலையில நீங்க, சாயங்காலம் அவன். ஆளாளுக்கு இறுக்கறேன் இறுக்கறேன்னு கழட்டியிருக்கீங்க. நல்லா வந்து வாய்ச்சீங்க ரெண்டு பேரும்... என்ன அண்ணி, சிரிப்பீங்கன்னு பாத்தா... அந்தத் துணியால கண்ணைத் துடைக்காதீங்க, கிரீஸ்.

அண்ணி: லெட்டரைப் பாத்ததுதான் எனக்குத் தெரியாது.

நாத்தனார்: அது மட்டும்தானா? அப்போ மத்ததெல்லாம்...

அண்ணி: மொட்டை மாடியில துணி எடுக்கப் போனா மைதானம் பூரா தெரியும்டி. போன வாரம் பெடல் ஆடி, பொத்துனு விழுந்தார். வீட்டுக்கு வந்து, படியில தடுக்கிட்டேன்னார். நானும், பாத்து வரக் கூடாதான்னு முட்டிக்கு மருந்து போட்டு விட்டேன். எனக்கு ஆடினா காலை ஊனிக்குவேன். அவர் மறுபடியும் விழக் கூடாதேன்னுதான், மறுநாள் காலையில ஸ்பேனரையே தேடி எடுத்தேன்.