சோறு வேண்டாம், தழை தாருங்கள்

நம் தெரு நலச் சங்கத்தின் தலைவர் வெங்கடரமணன் ஐயா அவர்களே, மயிலாப்பூரின் வெயிலை எனக்கு முன்பே சுமந்த பெரியோர்களே, தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, இருக்கை இருந்தும் நின்றே கேட்கும் காய்கறிக்கடை இனாயத் பாய் அவர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

நான் பால்கார வேலம்மாவின் மகள். மேடை எனக்குப் புதிது. குரல் நடுங்கினால் பொறுத்தருளுங்கள்.

மழை பொய்த்தது. மண் வெடித்தது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் வைக்கோல் வண்டி நின்றது. வெறும் தொட்டியை நக்கியது எங்கள் செவலைப் பசு. நக்கி நக்கிச் சிமெண்டே வழவழப்பானது. சுவரில் ஒட்டிய போஸ்டரை உரித்துத் தின்றது. பார்த்தீர்கள், பதறினீர்கள், பரிவோடு வந்தீர்கள்.

அமாவாசையன்று அந்தப் பரிவு கரை உடைத்தது. ஒரு வீட்டிலிருந்து சாதம். அடுத்த வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல். எதிர் வீட்டிலிருந்து வாளி நிறையப் பழையது. கொடுத்த கைகள் பல. வாங்கிய வயிறு ஒன்றல்லவா? கும்பிட்டுக் கொடுப்பவரிடம் போதும் என்று சொல்ல என் அம்மாவுக்கு வாய் வருமா? பட்டினி கிடந்த பசு பாத்திரத்தைக் கண்டு விலகுமா?

மறுநாள் வயிறு உப்பியது. அசைபோடுவது நின்றது. மாட்டு டாக்டர் வந்தார். "சோறு உள்ள போய்ப் புளிச்சிடுச்சும்மா. இது தழையும் வைக்கோலும் தின்ற வயிறு" என்றார். மாலையில், உங்கள் கண்ணெதிரில், தெருமுனையில் அது தலை சாய்த்தது.

தலைவர் ஏதோ கேட்கிறார். "நல்லதுன்னு நெனச்சுண்டுதானேம்மா கொடுத்தோம்?"

ஆமாம் மாமா, நல்லதென்றுதான். நல்ல மனம் எல்லா வீட்டிலும் இருந்தது. வைக்கோல்தான் ஒரு வீட்டிலும் இல்லை.

மிச்சம் இருப்பது கருப்பி. சினை மாடு. ஞாயிற்றுக்கிழமை அதை வண்டியேற்ற அம்மா சம்மதித்துவிட்டாள். "இதுவும் என் கண்ணு முன்னாடி சாவணுமா? எங்கியாவது போவட்டும் உடு" என்றாள். எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். வாங்குகிறவன் பால் கறக்க வாங்கவில்லை.

ஊரெங்கும் பஞ்சம் என்கிறோமே, நம் குப்பைத் தொட்டிக்குப் பஞ்சம் வந்ததா? முகூர்த்தம் முடிந்ததும் மண்டப வாசலில் வெட்டி எறியும் வாழைமரம் எங்கே போகிறது? முள்ளங்கித் தழை, காலிஃபிளவர் இலை, பட்டாணித் தோல் எங்கே போகிறது?

"இன்னாம்மா நீ, முன்னாடியே கேக்கக்கூடாதா? தெனம் மூட்டை மூட்டையா குப்பை வண்டில போய்க்கினு கீது!"

கேட்டீர்களா, இனாயத் பாய் சொல்வதை? அந்த மூட்டையைத்தான் கேட்கிறேன், பாய். பிளாஸ்டிக் பை மட்டும் உள்ளே வேண்டாம். அதுவும் ஒரு சாவு.

கைதட்டாதீர்கள், தாய்மார்களே. கைதட்டலை மாடு தின்னாது.

ஞாயிறு காலை கருப்பியை ஏற்ற அந்த வண்டி வரும். தொட்டி நிறைந்திருந்தால் அம்மா கயிற்றை அவிழ்க்க மாட்டாள். வண்டி வெறுமையாகத் திரும்பட்டும். தொட்டி வெறுமையாக இருக்க வேண்டாம்.

கூச்சம் நிறைந்த குரலுக்குக் காது கொடுத்தீர்கள், நன்றி. நாளை தொட்டியருகே சந்திப்போம். வணக்கம்.