செம்பட்டைக்கு ஊசிதான்

மேடம், உங்கள் தாடையின் கீழே இருப்பவை கறுப்பு முடிகள். உங்களுக்கு லேசரே போதும். நேற்று நீங்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது கவனித்தேன். தொழில் பழக்கம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு மராத்தி பேச வரும், எழுத வராது என்றதும், வாக்குமூலத்தை உங்கள் பாஷையிலேயே எழுதுங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் அவசரப்படாமல் செய்தால் போதும். நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

லேசரைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வெளிச்சம் நிறத்தைத் தேடிப் போகும். முடி கறுப்பாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வேர்வரை இறங்கிச் சுட்டுவிடும். முடி செம்பட்டையாகவோ பொன்னிறமாகவோ இருந்தால், அல்லது நரைத்திருந்தால், அதற்குப் பிடிப்பு கிடைக்காது. தோலும் கறுப்பாக இருந்துவிட்டால் வெளிச்சம் முடியை விட்டுவிட்டுத் தோலைப் பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லாமலே படுக்க வைக்கும் கிளினிக்குகள் இந்த ஊரில் உண்டு. செம்பட்டைக்கு நிரந்தரமான வழி ஒன்றுதான்: ஊசி. தலைமுடியைவிட மெல்லிய ஊசியை ரோமக்கால் ஒன்றில் இறக்கி, காலடியில் இருக்கும் பெடலை அழுத்தினால் மின்சாரம் வேரைக் கொல்லும். ஒவ்வொரு முடியாக, ஒவ்வொரு வேராக. ஊசிக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை.

மாதுங்காவில் என் ஃப்ளாட்டின் மேற்கு அறையில் இதைத்தான் செய்துவந்தேன். பெயர் அபயாம்பாள். கணவர் வேங்கடசுப்ரமணியன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஜெயராம், மெட்ரோவில் சிக்னல் என்ஜினீயர். இவையெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

இசக்கிசெல்வியும் மெட்ரோவில்தான் வேலை பார்க்கிறாள், ஸ்டேஷன் கவுன்டரில். வீடு தாராவி. கட்டிக்கொள்ளப்போகிறவள் என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயராம் அவளைச் சாப்பிட அழைத்துவந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் முகத்தில் விழுந்தபோதுதான் பார்த்தேன். கறுத்த முகத்தில் செம்பட்டை ரோமம். மேலுதட்டில், தாடையில், காதோரம் இறங்கி, சோளக்கதிரின் நார்போல. ட்யூப்லைட்டில் தெரியாது. வெயிலில் மட்டும் மின்னும்.

என் கணவரும் பார்த்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"மாட்டுப்பொண்ணுக்கு மீசை மொளைச்சிருக்கு, பாத்தியோடி?"

செல்வி சாம்பாரில் கை வைத்தபடியே நிமிர்ந்தாள். "உங்களுக்குத்தான் இல்லையே அங்கிள். வீட்டுல யாராவது ஒருத்தருக்கு இருக்கட்டும்."

ஜெயராம் புரையேறும்வரை சிரித்தான். நானும் சிரித்தேன். கிளம்பும்போது அவளை வழியனுப்பப் படிவரை போனேன். அங்கே அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஆன்ட்டி, சும்மா வாய் பேசிட்டேன். எனக்கு இது ரொம்ப நாளா டென்ஷன். அக்கா கல்யாணத்துல எனக்கும் மஞ்சள் பூசுனாங்க. மஞ்சள் அத்தனையும் முடியில பிடிச்சிக்கிடுச்சு. வீடியோக்காரன் ஜூம் பண்ணிட்டான். பெரிய ஸ்க்ரீன்ல எல்லாரும் பாத்தாங்க. அப்புறம் லேசர் போட்டேன். முடி போவல, மூஞ்சிதான் கறுத்துச்சு."

"நான் எடுத்து விடறேன்," என்றேன். "செம்பட்டைக்கு ஊசிதான். நம்மாத்துக்கு வரப்போற பொண்ணு, கூச்சப்படாம வா."

படியில் நின்றே என்னைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் வழக்கம் அப்படி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதி பார்க்கிற வீடு எங்களுடையது அல்ல. தாராவியைப் பற்றி வந்திருக்கும் புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன, நீங்கள் வந்து பார்க்கலாம். என் கணவர் இந்தக் கல்யாணம் கூடாது என்று கத்தினார், சாப்பிடாமல் இருந்தார், மகனோடு பேச்சை நிறுத்தினார். நான் எதிராக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. செல்விக்குத் தனித் துண்டும் தனி டம்ளரும் வைத்தது சுத்தம் கருதித்தான். மற்ற பெண்களுக்கு அப்படி வைத்ததில்லையே என்று நீங்கள் கேட்கலாம். மற்றவர்கள் என் வீட்டில் காப்பி குடிப்பதில்லை.

சனிக்கிழமைகளில் வந்தாள். முகம் சுத்தமான பிறகுதான் கல்யாணம் என்று ஜெயராமிடம் அவளே சொல்லிவிட்டாள். அவன் என்னிடம் வந்தான்.

"அம்மா, எனக்கு அது ஒரு விஷயமே இல்லைன்னு சொல்லிட்டேன். கேக்கமாட்டேங்கறா. இந்த ஆத்துல நீ ஒருத்திதான் எங்க பக்கம். நீ சொன்னா கேப்பா."

"அவ முகம்டா, அவ மனசு. நான் எப்படிச் சொல்றது?" என்றேன். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

சிகிச்சை எப்படி நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். மின்சாரத்தின் அளவைத் திருப்ப ஒரு குமிழ் இருக்கிறது. வேர் சாக ஓர் அளவு வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் சுருக்கென்று குத்தும், வலிக்கும், தோல் லேசாகச் சிவக்கும், வேருக்கு ஒன்றும் ஆகாது. செல்விக்கு நான் அந்தக் கீழ் அளவில் வைத்தேன். முதல் சனிக்கிழமையே.

வேர் செத்த முடி, வெண்ணெயிலிருந்து எடுப்பதுபோல வழுக்கிக்கொண்டு வரும். சாகாத முடியைப் பிடுங்கத்தான் வேண்டும், இழுவை தெரியும். செல்வி அதற்கு முன் ஊசி வைத்துக்கொண்டதில்லை. இழுவையும் சிகிச்சையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டாள். பிடுங்கிய முடியெல்லாம் சில வாரங்களில் திரும்ப வந்தது. கவலையோடு கேட்டாள். முகத்து முடி எல்லாம் ஒரே சமயத்தில் முளைப்பதில்லை, ஒரு கூட்டம் தூங்கும்போது இன்னொரு கூட்டம் எழும், ஒன்றரை வருஷம்கூட ஆகலாம் என்றேன். எந்த நல்ல நிபுணரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். அவளிடம் நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை.

சிகிச்சை முடியும்வரை நூல் போட்டு எடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். அதுவும் உண்மை. ஊசி இறங்க முடி வெளியே தெரிய வேண்டும். இடையில் ரேஸரால் மழித்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை, எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்வேன். செல்வியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆகவே வாரம் முழுவதும் முடியோடு கவுன்டரில் உட்கார்ந்தாள். முகக்கவசம் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடிக்கக் கழற்றும்போது யாராவது பார்த்துவிடுவார்கள். ஒருநாள் கட்டிலில் படுத்தபடி சொன்னாள்:

"நேத்து ஒரு பொடியன், ஆன்ட்டி. அம்மாகிட்ட காட்டுதான், 'மம்மி, வோ தேக்கோ, தாடிவாலி தீதி'ன்னு. தாடிக்கார அக்காவாம். அந்தம்மா அவன் வாயப் பொத்துச்சு. நான் 'பேட்டா, பெரியவனானா ஒனக்கும் வரும், ஷேவிங் செட் நானே வாங்கித் தாரேன்'னேன். லைன்ல நின்னவன் பூரா சிரிச்சிட்டான்."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். கண்ணோரத்திலிருந்து ஒரு துளி காதை நோக்கி இறங்கியது. ஊசி வைக்கும் இடத்தில் ஈரம் இருக்கக்கூடாது. பஞ்சால் துடைத்துவிட்டேன்.

என் கணக்கு எளிமையானது. ஜெயராமுக்கு எதையும் நெடுநாள் பிடித்துக்கொண்டிருக்கத் தெரியாது. கித்தார், நீச்சல், ஜெர்மன் மொழி எல்லாம் பாதியில் நின்றவை. காத்திருக்க வைத்தால் இதுவும் தானே நின்றுவிடும். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. யார் மனமும் புண்படாது. நான் எல்லாருக்கும் நல்லதைத்தான் யோசித்தேன். செல்விக்கும் சேர்த்து. எங்கள் வீட்டில் அவள் நிம்மதியாக இருந்திருக்க முடியாது.

அவன் நிறுத்தவில்லை. இது மட்டும் என் கணிப்பில் வந்த பிழை.

போன மாசிக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை செல்வி வந்தாள். கையில் அல்வாப் பொட்டலம். கட்டிலில் ஏறவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, போதும். ஹோ கயா."

"என்ன போதும்?"

"இந்த மூஞ்சிக்கு இவ்வளவுதான். நீங்களும் எவ்வளவு கஷ்டப்பட்டிய, எத்தனை சனிக்கிழமை. முடியோடயே கெட்டிக்கிடுதேன்னு ஜெய்கிட்ட சொல்லிட்டேன். 'இதச் சொல்ல ஒனக்கு இவ்வளவு நாளா'ன்னு ஏசுதான். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்தாச்சு. மஞ்சளும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். ஒரு கையெழுத்து, அப்புறம் எல்லாருக்கும் பிரியாணி. அங்கிளுக்குத் தயிர் சாதம்."

சந்தோஷம் என்றேன். அல்வாவை வாங்கி வைத்தேன். பிறகு சொன்னேன்: "கடைசியா ஒரு தடவை பண்ணிடலாமே. போட்டோவுக்கு நன்னா இருக்கும்."

"நீங்க சொன்னா சரி ஆன்ட்டி," என்று கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

அன்று மரத்துப்போகும் களிம்பு தடவினேன். அதற்கு முன் அவளுக்குத் தடவியதில்லை. களிம்பு ஏறக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை பேசிக்கொண்டிருந்தாள். நெருளில் வீடு பார்த்திருக்கிறார்களாம். "உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு ஆன்ட்டி. நல்ல வெளிச்சம், நீங்க அங்கேயே க்ளையன்ட் பாக்கலாம். அங்கிளுக்கு பால்கனி. பேப்பர் படிச்சிக்கிட்டு என்னைத் திட்டலாம். எங்க அம்மாவும் சும்மா விடமாட்டா, ஜாலியா இருக்கும்." அவளுடைய அம்மாவும் அடிக்கடி வந்து தங்குவாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குமிழை மேலே திருப்பினேன். முடி இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் ஊசியை இறக்கினேன். பெடலிலிருந்து காலை உடனே எடுக்கவில்லை. முதலில் மேலுதட்டின் இரண்டு பக்கமும், பிறகு தாடை. அதிகமாகச் சுட்டால் தோல் வெளுத்து, சின்னதாகக் கொப்புளித்து நிற்கும். எந்த நிமிஷத்தில் நிறுத்தினால் ஆறும், எந்த நிமிஷத்துக்குப் பிறகு ஆறாது என்று எனக்குத் தெரியும்.

இடையில் ஒருமுறை ஊசியை மாற்றினேன். அப்போது அவள் சொன்னாள்: "இன்னிக்கு வலிக்கவே இல்ல ஆன்ட்டி."

"மருந்து வேலை செய்யறது. பேசாதே, உதடு அசையறது," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வீங்கியது. பிறகு பொருக்கு கட்டியது. பொருக்கு உதிர்ந்த இடத்தில் குழிகள். கறுத்த தோல் அல்லவா, சில இடங்களில் தழும்பு தடித்து மேலே எழும்பியது. சயானில் ஒரு தோல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். கொஞ்சம் குறைக்கலாம், முழுக்கப் போகாது என்றாராம். அவர் சொன்னது சரி.

அவளுடைய அம்மா முப்பிடாதியம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். வரவில்லை.

"ஏ அம்மா, எம்புள்ள ஒன்னை ஆன்ட்டி ஆன்ட்டின்னு கொண்டாடுனா. ஒன் கட்டில்ல ஒன்ன நம்பிக் கண்ண மூடிப் படுத்துக் கெடந்தாளே. எம்புள்ள ஒன் வீட்டுக்கு வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா? ஒன் வீட்டுக்காரரு சொன்னாரு, அவரு மனுசன்."

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்றாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பதில் பேசுவது அழகல்ல.

கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முகத்தில் கட்டோடு போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதற்கு மறுநாள் அவளே உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள்.

ஜெயராம் மட்டும் ஒருமுறை வந்தான். தன் துணிகளை எடுத்துக்கொண்டு போக. கதவருகே நின்றான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கை தவறிடுத்தா? தவறிடுத்துன்னு மட்டும் சொல்லு. செல்விகிட்ட நான் பேசிக்கறேன். புகாரை வாபஸ் வாங்கிடுவா. எல்லாரும் நெருளுக்கே வந்துடுங்கோ."

அவன் அழுதுகொண்டிருந்தான். சின்ன வயதில் அழுததுபோலவே, சத்தமில்லாமல். எங்கள் வக்கீலும் இதையேதான் எழுதித் தரச் சொல்கிறார்: வயதாகிவிட்டது, ஒரு நிமிஷம் கவனம் பிசகிவிட்டது. அப்படி எழுதினால் வழக்கு சுருங்கிவிடும், மகனும் திரும்பி வருவான். நேற்று இரண்டு தரம் காகிதத்தை எடுத்தேன். எழுத வரவில்லை.

மாதுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ பெண்கள் இந்தக் கையை நம்பி முகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் ஒரு புள்ளி விழுந்ததில்லை. செல்வியின் முகத்தில் அன்று எந்த இடத்தைத் தொட நினைத்தேனோ அந்த இடத்தை மட்டும்தான் தொட்டேன். அதற்கு அடுத்த தோலை நீங்களே பாருங்கள், சுத்தமாக இருக்கும். எந்த டாக்டரை வேண்டுமானாலும் வைத்துப் பரிசோதிக்கலாம்.

மற்றபடி எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள் மேடம், கையெழுத்துப் போடுகிறேன். என் கை தவறியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.