கதவு மட்டும் பாக்கி

— தள்ளுக்கா, படத்து மேல நிழல் விழுது.

— சரி சரி, கோவிச்சுக்காத. ஆமா... இந்த ஜன்னல்ல என்னடி, பூசணிக்காயா?

— அண்ணன்!

— பார்த்தான்னா இனிமே உனக்குச் சமைச்சுப் போட மாட்டான். மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கு.

— இருக்கறதைத்தானே வரைய முடியும்? ஓவியப் பள்ளியில சேர்ற படிவத்துலயும் அப்படித்தான். உறவுன்னு கேட்ட இடத்துல அக்கா, அண்ணன்னு எழுதிட்டேன்.

— எட்டு மாசத்துக்கு முன்னாடி மூணு பேரும் யார் யாரோ!

— அதைக் கேட்கலையே அவங்க.

— வாயைப் பாரு. சரி, கிளம்பு சிட்டு. அஞ்சு மணிக்குள்ள ஓவியப் பள்ளியில கொடுக்கணும். இல்லேன்னா இடம் போயிரும்.

— முடிஞ்சுது, எடுத்துக்கோ.

— எங்க முடிஞ்சுது? மாடி இருக்கு. நான் வேலைக்குத் தூக்கிட்டுப் போற ஏணி இருக்கு, பெயின்ட் டப்பா இருக்கு... கதவு எங்கடி? "என் வீடு"ன்னு தலைப்பு. நாங்க ரெண்டு பேரும் ஜன்னல் ஏறிக் குதிச்சா வேலைக்குப் போறோம்?

— கதவு வேணாம்க்கா.

— ஏன்?

— மூணு தடவை வரைஞ்சு அழிச்சிட்டேன். வரைஞ்சதும்... வெளிய தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்குது. சித்தப்பா வீட்ல என்னை உள்ள வச்சுப் போடுவாங்களே... அது. இடம் போனா போகட்டும். விடு.

— விடறதா? இரு... ஒண்ணு சொல்றேன். நீ இங்க வந்த அன்னைக்கு, நீ வர்றதுக்கு முன்னாடியே, உன் ரூம் கதவுல வெளித்தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன். திருகாணி ஓட்டையை எல்லாம் பட்டி மாவு குழைச்சு அடைச்சேன். சொன்னா, பரிதாபப்படறேன்னு நினைச்சுப்பியோன்னு... இத்தனை நாள் சொல்லலை.

— தெரியும்.

— ம்?

— பையைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே கதவோட வெளிப்பக்கத்தைத்தான் தடவிப் பார்த்தேன். பட்டி அப்ப காயக்கூட இல்லை. கட்டைவிரலை வச்சு ஒரு அமுக்கு அமுக்கினேன். அப்புறம்தான்... உள்ள போக முடிஞ்சுது. என்னக்கா, கண்ணைத் துடைக்கற?

— பெயின்ட் வாடைடி.

— அது தண்ணிக் கலர்க்கா, வாடையே வராது... சரி, அந்தப் பழுப்புக் கலரை இப்படித் தள்ளு. கதவு வைக்கிறேன்.

— இந்தா, பிரஷ்.

— வேணாம். கட்டைவிரலாலயே வைக்கிறேன். நல்லா இருக்குமா?

— வை. போன மாசம் வீடு முழுக்க பெயின்ட் அடிச்சப்போ, உன் ரூம் கதவுப் பட்டியில ஒரு சின்ன விரல் தடம் இருந்துச்சு. ஏன்னு தெரியலைன்னாலும், உன்னோடதுன்னு அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுட்டுத்தான் சுத்தி அடிச்சேன்.